ஹெலிகாப்டர் போதும் என்றவள்

புதுச்சத்திரம்
16.2.1983

அம்மிணி சௌந்திரத்துக்கு,

இங்கே ஆத்தா, உன் நங்கையான என் ஊட்டுக்காரி பாவாயி, பிள்ளைகள், எருமை எல்லாரும் சுகம். சேகோ ஃபேக்டரியில் ஜவ்வரிசி சீசன் என்பதால் மாப்பிள்ளை கைலாசம் ஊட்டுக்கே சரியாக வருவதில்லை என்று நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த மஞ்சள் வியாபாரி சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்போது எழுதுவது ரெண்டு காரியத்துக்காக. அய்யன் போய் வருஷம் திரும்பிவிட்டது. நாம் உழுகிற காடு இன்னும் அவர் பேரிலேயே கிடக்கிறது. கிணற்றுக்குப் புது மோட்டார் வேண்டுமென்று சொசைட்டியில் மனுப் போட்டால், பட்டா யார் பேரில் என்பதுதான் முதல் கேள்வி. பங்குனிக்குள் முடித்துவிடலாம் என்கிறார் அப்புசாமி பெரியப்பா. நம் அத்தைமார் எல்லாரும் செய்ததுதான். எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு விடுதலைப் பத்திரம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். நங்கை உனக்காகச் சேலத்தில் அரக்குக் கலரில் பட்டு எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு வேட்டி எடுக்கக்கூட அவள் இவ்வளவு யோசித்ததில்லை.

அடுத்தது நம் குட்டி ஹெலிகாப்டர். சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அதைப் பறக்கவிடப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. கையால் அசைக்க முடியவில்லை. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் பயந்துபோய் விட்டுவிட்டேன். என்ன பண்ணுவது என்று எழுது. பறக்கவிடுவது என் பாடு, இன்ஜின் உன் பாடு என்றுதானே எப்போதும்.

அண்ணன்,
சென்னியப்பன்

*

நாமகிரிப்பேட்டை
21.2.1983

அண்ணாவுக்கு,

முதலில் அந்தப் பைப் ரெஞ்சைத் தூக்கிப் பரணில் போடுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற இன்ஜின் அது, போர்வெல் குழாய் இல்லை. இனிமேல் யாரும் அதைத் தொட வேண்டாம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எந்த நாள் என்று எழுதினால் வருகிறேன். பட்டுச் சேலை எனக்கு வேண்டாம், நங்கையே கட்டிக்கொள்ளட்டும், அரக்கு அவருக்குத்தான் எடுப்பாக இருக்கும். எனக்கு அந்த ஹெலிகாப்டரைக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின், உடல், இறக்கை, கையில் பிடித்து ஓட்டுகிற ரேடியோ, எல்லாம்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அய்யன் ஏற்காட்டுக்கு லாரி ஓட்டியபோது, ஊரைக் காலி செய்துகொண்டு போன எஸ்டேட் மேனேஜர் அந்தப் பெட்டியை அவரிடம் இனாமாகக் கொடுத்தார். மலை இறங்கியதும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்து, எல்லாம் உடைசல் என்று அங்கேயே பழைய இரும்புக்காரனிடம் போடப் பார்த்தாராம். பிறகு என்னவோ மனசு மாறி ஊட்டுக்குக் கொண்டுவந்தார். நீங்கள் இறக்கையை எடுத்தீர்கள், நான் இன்ஜினை எடுத்தேன். பெட்டியில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்தே அதை ஓட வைத்தேன். கடலை பிடுங்கின காட்டில் அது முதல்முதலாக எழும்பி நின்றபோது நீங்கள் கத்தின கத்தலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கை சும்மா இருக்கிறது. சமைக்கிறேன், மாட்டைப் பார்க்கிறேன், மரவள்ளி உரிக்கிறேன். ஆனாலும் என் கை சும்மாதான் இருக்கிறது. இதை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

காடு உங்களுக்கு, ஹெலிகாப்டர் எனக்கு. நோம்பிக்கு நானே கொண்டுவருகிறேன், நீங்களே பறக்கவிடுங்கள்.

சௌந்திரம்

*

புதுச்சத்திரம்
2.3.1983

அம்மிணிக்கு,

உன் கடிதத்தை ஆத்தாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நங்கை படித்துக் காட்டிவிட்டாள். ஆத்தா எழுந்து எருமையைப் பார்க்கக் கட்டுத்தரைக்குப் போய்விட்டது.

கேட்பதற்கு ஒரு முறை வேண்டாமா? பத்திரத்துக்குப் பதிலாக ஒரு பொருளைக் கேட்டால் அது பேரமாகிவிடும் என்கிறார் பெரியப்பா. கூடப்பிறந்தவள் சிரித்த முகத்தோடு விட்டுக்கொடுத்தால்தான் குடும்பத்துக்கு அழகாம். சேலை நாங்களாகக் கொடுப்பது, அது வேறு கணக்கு. ஹெலிகாப்டர் அய்யன் சொத்து, அது ஊட்டோடு இருக்க வேண்டியது. நாளைக்கு என் பையன் கேட்டால் என்ன சொல்வேன்? இப்போது அவனுக்கு நாலு வயசுதான், ஆனாலும் ஒரு நாள் கேட்பான் இல்லையா?

உனக்காக ஒன்று செய்கிறேன். இன்ஜினை மட்டும் கழற்றி ராசிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். சரி பண்ணித் திருப்பி அனுப்பு. அது வருகிற பெட்டியிலேயே பத்திரத்தையும் வைத்திருக்கிறேன், முத்திரைத்தாளில் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது. நீ படித்துச் சிரமப்பட வேண்டியதில்லை. நாள் குறித்து எழுதியதும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

சென்னியப்பன்

*

நாமகிரிப்பேட்டை
19.3.1983

அண்ணாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. கண்டக்டர் உள்ளே முட்டை இருக்கிறது என்று நினைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம்.

நடந்ததை எழுதுகிறேன், கோபிக்காமல் படியுங்கள். ஓட்டி முடித்த இன்ஜினைக் கழுவாமல் அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். ஸ்பிரிட் காற்றோடு போய்விடும், அதோடு கலந்த விளக்கெண்ணெய் போகாது. உள்ளேயே காய்ந்து பாகு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதிலும் நீங்கள் கலந்தது செக்கில் ஆட்டிய எண்ணெய் இல்லை. ஆத்தா ஆமணக்குக் கொட்டைமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் வயிற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது, இன்ஜினுக்கு ஆகாது. அதில் மிச்சமிருந்த ஈரத்தில் பேரிங் ரெண்டும் துருப்பிடித்துவிட்டன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லச் சூடு காட்டியிருந்தால் தானாக விட்டிருக்கும். நீங்கள் திருகின திருகில் பிஸ்டன் வளையம் உடைந்துவிட்டது. அந்த 'டிக்' அதுதான்.

கடலை வறுக்கிற சட்டியில் மணலைச் சூடாக்கி, இன்ஜின் கூட்டை அதற்குள் புதைத்து வைத்தேன். நல்ல சூடேறியதும் துணியால் பிடித்துப் பலகை மேல் ஒரு தட்டுத் தட்டினேன். இறுகிக் கிடந்த பேரிங் ரெண்டும் இலந்தைப்பழம் மாதிரி உதிர்ந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, எதை வறுத்துவிட்டு இப்படி அழுகிறாய் என்று கேட்டார்.

புதுப் பேரிங்கை இவர் சேலத்தில் வாங்கிவந்தார். வளையம் எந்தக் கடையிலும் இல்லை, கடைந்துதான் எடுக்க வேண்டும். ராசிபுரத்தில் மாதையன் என்பவருடைய லேத்துப் பட்டறைக்குப் போனேன். "ஆம்பளைங்க யாராச்சும் வரட்டுங்க, அளவெல்லாம் பேசோணும்" என்றார். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். லாரிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மத்தியானம் வேலையெல்லாம் ஒழிந்து லேத்து நின்றதும், இன்னும் போகவில்லையா என்று கேட்டார். அளவைச் சொன்னேன். பழைய லாரி இன்ஜினின் லைனர் இரும்பில் கடைந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டும்போது உடைந்துவிட்டது. திரும்பப் போனேன். அடுத்ததும் உடைந்தது. அதற்கடுத்தது உடையவில்லை, ஆனால் தளர்வாக இருக்கிறது. வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன். மாதையன் இப்போது என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார்.

இன்ஜின் இங்கேதான் இருக்கும். உடலும் ரேடியோவும் வந்து சேர்ந்ததும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். நான் கேட்டது இவ்வளவுதான்.

சௌந்திரம்

*

புதுச்சத்திரம்
28.3.1983

சௌந்திரத்துக்கு,

இன்ஜினைப் பிடித்து வைத்துக்கொண்டு அண்ணனையே மிரட்டுகிறாய். இருக்கட்டும்.

இது நீயும் நானும் கடிதத்தில் பேசித் தீர்கிற காரியம் இல்லை என்று நேற்று பெரியப்பா, செங்கோட்டையன் மாமா இன்னும் நாலு பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காலையில் ஆரம்பித்த பேச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் முடிந்தது. ஹெலிகாப்டரை வாசலில் கயிற்றுக்கட்டில் மேல் வைத்து, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வாலில் இருக்கிற சின்ன இறக்கையை மட்டும் கழற்றி உனக்குக் கொடுத்துவிடலாம், பெண்ணின் மனசும் நோகாது என்றார் செங்கோட்டையன் மாமா. பெரியப்பா ஒப்பவில்லை. வண்டி, மாடு வகையில் சேர்ந்தால் ஆண்பிள்ளைக்கு, பாத்திரம் பண்டம் வகையில் சேர்ந்தால்தான் பெண்ணுக்கு என்று சொன்னார். அப்புறம் அது வண்டியா பாத்திரமா என்று ரொம்ப நேரம் ஓடியது. எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற சாமான் என்பதால் வண்டிதான் என்று முடிவாயிற்று. காட்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அதில் பேச என்ன இருக்கிறது என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ஆகவே இன்ஜினை அனுப்பு. இல்லாவிட்டால் நான் பெங்களூரில் வேறு இன்ஜின் வாங்கிக்கொள்கிறேன். பங்குனி முடிவதற்குள் பத்திரம் பதிவாகவில்லை என்றால் நோம்பிக்கு உன்னை அழைக்க இங்கிருந்து யாரும் வரமாட்டோம். ஆத்தா கேட்டால், உன் மகள்தான் காரணம் என்று சொல்லிவிடுவேன்.

சென்னியப்பன்

*

நாமகிரிப்பேட்டை
5.4.1983

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். வண்டியா பாத்திரமா என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

கட்டில் மேல் வைக்கிற ஒரு சாமானுக்காக இத்தனை பெரியவர்கள் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசியிருக்கிறீர்கள். காட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பத்திரத்தைப் பெட்டியில் வந்த மடிப்புக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் பிரித்துப் படித்தேன். அய்யன் சொத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று உங்கள் பத்திரமே முதல் பக்கத்தில் சொல்கிறது. அடுத்த பக்கத்தில் அதை நான் மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் விட்டுவிடுகிறேன் என்கிறது. அப்படியே நோம்பிக்கு அழைக்க வரமாட்டோம் என்ற உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஹெலிகாப்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் முடிவு பண்ணினால் அது வண்டிதான். இன்ஜின் என்னுடையது, நான் பிழைக்க வைத்தது. காட்டில் எனக்கு வர வேண்டியதை அளந்து கொடுங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. போன மாசம் நீங்கள் ஹெலிகாப்டரைக் கொடுத்திருந்தால், காட்டை முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டு நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ரெண்டு ஊட்டுக்கும் நடுவில் என்னை மாட்டி விட்டுவிடாதே என்றார் இவர். நீங்கள் ஓரமாக நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வளையம் கடைசியில் பொருந்திவிட்டது. ஹெலிகாப்டர் விசிறி உங்களிடம் இருப்பதால் இவர் பூவரசங்கட்டையில் ஒரு விசிறி செதுக்கிக் கொடுத்தார். பின்மூடிக்கு வைக்கிற கேஸ்கெட் மட்டும் கிழிந்துபோயிருந்தது. காற்றுக் கசியாமல் இருக்க நடுவில் நல்ல தாள் வைக்க வேண்டும். இன்லண்டுத் தாள் தாங்காது, கல்யாணப் பத்திரிகை தடிமன் அதிகம். உங்கள் முத்திரைத்தாள் அளவாக இருந்தது. வட்டமாக வெட்டிக்கொண்டேன். எந்த வரி போயிற்று என்று பார்க்கவில்லை.

மாடு கட்டுகிற கல்லில் பலகையை இறுக்கிக் கட்டி, இன்ஜினை அதில் பூட்டி முடுக்கினேன். விசிறி திருப்பி அடித்ததில் ஒரு நகம் போயிற்று. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தட்டினேன், பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக் கசியவில்லை. தெருவே வந்து நின்று பார்த்தது.

மீதித் தாளை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

சௌந்திரம்

*

புதுச்சத்திரம்
9.5.1983

சௌந்திரத்துக்கு,

ஓட்டை விழுந்த பத்திரம் அப்போதே வந்துவிட்டது. பெரியப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பெண்பிள்ளை கையில் திருப்புளி கொடுத்தது உங்கள் அய்யன் செய்த தப்பு என்றார். இனிமேல் உனக்குக் கடிதமே எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது, இல்லையென்று எழுதினால் பொய்.

நோம்பியும் போய்விட்டது. இன்ஜின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வருஷமாகலாம் என்று பெங்களூர்க் கடைக்காரன் எழுதிவிட்டான். சொன்ன சொல்லுக்காக, வெறும் ஹெலிகாப்டரைப் பள்ளிக்கூடத்து மேஜை மேல் வைத்துக் காட்டினேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் எப்போது மேலே போகும் என்று கேட்டே என் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

சௌந்திரம் வராவிட்டால் போகட்டும், உன் ஆத்தாளிடம் முதலில் எழுதி வாங்கு என்றார் பெரியப்பா. அய்யன் சொத்தில் ஆத்தாவுக்கும் ஒரு பாகம் உண்டாம். பத்திரத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனோம். ஆத்தா சாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலை நீட்டும் என்று நான் டப்பாவைத் திறந்தேன்.

"நானும் அவளும் அந்தக் காட்டுல களை எடுக்கறப்ப, நீ ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நின்னே சாமி. அவ பங்கை அளந்து குடுத்துட்டு வா, அப்புறமா என் ரேகையை வாங்கிக்க."

ஆத்தா இதைச் சொல்லிவிட்டு மறுபடி சாணி அள்ளப் போய்விட்டது. நானும் ரெண்டு வாரம் வீம்பாக இருந்து பார்த்தேன். ஆத்தா என்னைவிட வீம்பு. சமைக்கிறது, சோறு போடுகிறது, பத்திரம் என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

போன புதன்கிழமை சர்வேயரைக் கூட்டிவந்தேன். கரட்டோரம் கல்லுக்காடாக இருக்கிற பக்கத்தை உனக்கு ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. ஆத்தா முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடந்துபோய்க் கிணற்றுக்கு வடக்கே, நல்ல மண்ணில் போய் நின்றுகொண்டது. எத்தனை கூப்பிட்டும் நகரவில்லை. சர்வேயர் வேறு வழியில்லாமல் அங்கிருந்துதான் சங்கிலி பிடித்தார். கல் நட்டாயிற்று.

பாகப் பத்திரம் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். இன்னொன்று. நம் காட்டில் மேடு பள்ளம் இல்லாமல், மரம் மட்டை இல்லாமல் ஹெலிகாப்டர் இறக்கத் தோதான இடம் அந்த வடக்குப் பக்கம் ஒன்றுதான். அது இப்போது உன்னுடையதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பறக்கவிடலாமா என்று உன்னைக் கேட்டு எழுதுகிறேன். நான் கேட்டது பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்,
சென்னியப்பன்

*

நாமகிரிப்பேட்டை
25.5.1983

அண்ணாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் இன்ஜினை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எண்ணெய் விட்டுத் துடைத்து, துணி சுற்றி வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தடவை வெறும் புகையாகக் கக்கியபோது உங்கள் முகம் செத்துப்போயிற்று. எண்ணெய் வரத்தை அடக்குகிற ஊசியைக் கால் திருகு மூடினதும் சத்தம் மாறியதே, அது உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது எழும்பப் போகிறது என்று. நீங்கள் நன்றாக ஓட்டினீர்கள். காற்று ஒரு பக்கமாகத் தள்ளியும் அசையாமல் நிறுத்தினீர்கள். என்னால் அது முடியாது, இன்ஜின்தான் என் வேலை. பெரியப்பாகூடத் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள் அண்ணா. இத்தனை பாடுபட்டு ஓட வைத்த நான் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். அப்புறம் கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். பிறந்ததிலிருந்து மிதித்த மண்தான், களை எடுத்த மண்தான். இருந்தாலும் அன்றைக்குத்தான் அது என் காடு. எனக்கு அழுகை வந்தது, ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நங்கையிடம் சொல்லிவைத்தேன், அவர் நம்பவில்லை.

ஆடிப் பட்டத்துக்கு அதில் கடலை போடுகிறேன். உழவுக்கு ஆள் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இனி மாசம் ஒரு தடவையாவது வருவேன், அந்தச் சமயத்தில் இன்ஜினையும் எடுத்துவருகிறேன். விதைக்கிறதுக்கு முன்னால் பறக்கவிடுவதென்றால் விடுங்கள். விதைத்துவிட்டால் என் காட்டில் இறக்கக்கூடாது.

ஊர் வந்த பிறகு பாகப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். கிணறு நமக்குப் பொது என்று மட்டும் இருக்கிறது. தண்ணீர் முறை யாருக்கு எந்தக் கிழமை என்று எங்கேயும் இல்லை. புது மோட்டார் இறங்குவதற்குள் பெரியப்பாவை வைத்துப் பேசி, எனக்கு எந்தெந்த நாள் என்று எழுதி அனுப்புங்கள். செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தோதுப்படும், பகலில் கரண்ட் வருகிற நேரமாக இருக்கட்டும்.

தங்கை,
சௌந்திரம்